குறைந்தபட்ச நஞ்சு

ஆலையை நிறுத்திய அன்று கருங்கழி ஊர் முழுக்க அளவைக் கம்பத்தடியில் கூடிவிட்டது. கம்பத்தின் உச்சியில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்த எண் தொண்ணூறிலிருந்து இறங்கத் தொடங்கியதும் யாரோ விசிலடித்தார்கள். ஐம்பதைத் தொட்டபோது சரவெடி கொளுத்தினார்கள். காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு சயனைடு வாயு கலந்திருக்கிறது என்று சொல்லும் எண் அது. வெளியூர்க்காரர் யாராவது முகமூடியில்லாமல் அங்கே நின்றிருந்தால் சரவெடி முடிவதற்குள் தலைசுற்றி விழுந்திருப்பார். கருங்கழிக்காரர்கள் வெறும் முகத்தோடு கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

காற்றில் எவ்வளவு நஞ்சு இருக்கலாம் என்று விதிக்கும் வரம்பு வாரியத்தின் காற்றளவர் ஜெபக்கனி கம்பத்தைப் பிடித்தபடி நின்றாள். பக்கத்தில் அவள் கணவர் சூசைமுத்து.

“மலருக்குப் போன் போடட்டா?” என்றார் அவர், மதுரையில் இருக்கும் மகளை நினைத்து.

“சைபருக்கு வரட்டும், பொறுங்க. அவசரப்பட்டு வந்து நிப்பா.”

எண் சைபருக்கு வர அடுத்த நாள் மத்தியானம் ஆயிற்று. அதுவரைக்கும் இருவரும் வீட்டுக்குப் போய்த் தூங்கவில்லை.

உலகம் தூக்கியெறிந்த கைப்பேசிகளெல்லாம் கப்பலில் வந்து சேரும் இடம் கருங்கழி. அவற்றைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் ஊறவைத்துப் பொன் பிரிப்பது ஆலையின் வேலை. கரைசலில் அமிலம் பட்டால் வாயு கிளம்பும். ஆரம்பத்தில் வரம்பு ஐந்து என்று இருந்தது. ஐந்துக்கு மேல் போனால் சங்கு ஊதும், ஆட்கள் வெளியே ஓடிவந்துவிடுவார்கள். அந்த வாயுவுக்குக் கசந்த வாதுமை வாசம் உண்டு. சிலருடைய மூக்குக்குப் பிறவியிலேயே அந்த வாசம் பிடிபடாது. சூசைமுத்து அந்த ரகம். சங்கு பழுதாகியிருந்த ஒருநாள், கரைசல் ஊறும் தொட்டிக்கூடத்தில் மயங்கிக்கிடந்த அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

அதன் பிறகுதான் முறியுயிரி வந்தது. சயனைடைத் தின்று வாழும் கிருமி அது. குழாயில் வைத்து நாலைந்து முறை உள்ளே இழுத்தால் நுரையீரலின் ஈரப்படலத்தில் குடியேறிவிடும். வருகிற நஞ்சை இரத்தத்துக்குப் போகவிடாமல் அங்கேயே தின்று தீர்த்துவிடும். முதலில் தொழிலாளிகளுக்குக் கொடுத்தார்கள், பிறகு அவர்கள் வீட்டாருக்கு, பிறகு ஊருக்கே. அதன்பின் ஒருவரும் மயங்கி விழவில்லை. யாருக்கும் எதுவும் ஆகாதபோது ஐந்து எதற்கு என்று வாரியம் கேட்டது. வரம்பு இருபதாயிற்று. வாயுவை வடிகட்டும் கோபுரங்களில் ஒன்றைக் கழற்றினார்கள். வரம்பு நாற்பதாயிற்று, தொண்ணூறாயிற்று. கோபுரங்கள் எல்லாம் போயின. ஒவ்வொரு தடவையும் ஜெபக்கனி ஊரைச் சுற்றி எல்லாருடைய மூச்சையும் அளந்தாள். எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

காக்கைகள் மட்டும் இல்லாமல் போயின. ஆடு வளர்க்க முடியவில்லை. பேருந்து ஊர் எல்லையிலேயே நின்றுவிடும். மகள் லூர்துமலர் அந்தச் சமயத்தில் மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்ததால் முறியுயிரி எடுத்துக்கொள்ளவில்லை. தன் வீட்டுக்குள் முகமூடி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவள், ஒருவாய்ச் சோறு தின்ன முடியாமல் திரும்பிப் போனாள். கல்யாணமும் மதுரையிலேயே நடந்தது. மாப்பிள்ளை ஞானதுரை பள்ளிக்கூட வாத்தியார்.

மலர் கர்ப்பம் என்று தெரிந்தபோது ஜெபக்கனிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வரமுடியாத ஊர் என்ன ஊர்? ஆலைமேல் ஊர்க்காரர்கள் போட்டிருந்த வழக்கில் போய்ச் சாட்சி சொன்னாள். “வரம்பு மனுசனுக்காக வச்சதுங்கய்யா. நாங்க மனுசனை வரம்புக்காக மாத்திட்டோம்” என்றாள். வழக்கு ஜெயித்தது.

மலர் நிறைமாத வயிற்றோடு வந்து இறங்கினாள். முகத்தில் முகமூடி இல்லை. வாசலில் நின்று ஆழமாக மூச்சை இழுத்து, “கடல் வாசம்மா!” என்றாள். சூசைமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு ஜெபக்கனி ஊளிமீன் குழம்பு வைத்தாள். மாப்பிள்ளை இரண்டு நாள் தங்கி, எல்லார் வீட்டிலும் காபி குடித்துவிட்டு மதுரைக்குத் திரும்பினான்.

அந்த வாரக் கடைசியில் சூசைமுத்து இருமத் தொடங்கினார். தொட்டிக்கூடத்தில் வேலை பார்த்த மற்றவர்களும் இருமினார்கள். பிறகு தெருவெல்லாம் இருமல். கைக்குட்டையில் இரத்தம் வந்ததும் மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் நிறைமதி வந்தாள். பலருடைய சளியை எடுத்துப் பார்த்துவிட்டு ஜெபக்கனி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, அதுக்குப் பசி.”

“எதுக்கு?”

“உங்க நெஞ்சுக்குள்ள இருக்கே, அதுக்கு. இத்தனை வருசம் நல்லாச் சாப்பாடு போட்டு வளத்திருக்கோம். இப்ப சயனைடு இல்லை. நுரையீரலைத் தின்ன ஆரம்பிச்சிருச்சு.”

“மருந்து குடுத்துக் கொல்லுங்க.”

“எந்த மருந்துக்கும் அது சாகாது. யாராவது காய்ச்சலுக்கு மாத்திரை போட்டா அழிஞ்சிரக்கூடாதுன்னு அப்படித்தான் வளத்திருக்காங்க.”

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மலர் மெதுவாகக் கேட்டாள். “இருமல்ல வெளிய வருமா டாக்டர்?”

நிறைமதி அவள் வயிற்றைப் பார்த்துத் தலையசைத்தாள். ஜெபக்கனி எழுந்து மகளைத் தோளைப் பிடித்துத் தள்ளினாள். “கிளம்பு. இப்பவே. பையை எடு, ஏட்டி, நிக்காத!”

“அம்மா, முந்தாநாள்லருந்து எனக்கும் இருமுது” என்றாள் மலர்.

குழந்தை கருங்கழியில்தான் பிறந்தது. பெண். மூன்றாம் நாள் அதன் மூச்சில் கரகரப்புக் கேட்டது. மலர் நர்ஸ், அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஆலையைப் பூட்டச் சொல்லிக் கோஷம் போட்ட அதே ஆட்கள் ஆலை வாசலில் போய் நின்று திறக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். மேலாளர் வெளியே வந்து கைகூப்பினார். அவர் கேலி செய்யவில்லை, அவரும் இருமிக்கொண்டிருந்தார். “நான் இப்பவே திறந்துருவேன். கோர்ட்டு வரம்பு சைபர்னு சொல்லியிருக்கே. வாரியம் புதுசா ஒண்ணு எழுதிக் குடுக்கட்டும். இதுக்குக் கீழ போகக்கூடாதுன்னு.”

வாரியத்திலிருந்து அன்று மாலையே பேசினார்கள். ஊரின் காற்றும் ஊரின் மூச்சும் தெரிந்தவள் ஜெபக்கனி ஒருத்திதான், எண்ணை அவளே சொல்லட்டும் என்றார்கள்.

அவள் நிறைமதியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டாள். தொட்டிக்கூடத்து ஆட்களின் நெஞ்சில் முறியுயிரி அடையடையாகப் படிந்திருந்தது. அதன் பசியடங்கத் தொண்ணூறு வேண்டும். பிறந்த குழந்தையிடம் இருப்பதோ மெல்லிய படலம், மற்றக் கைக்குழந்தைகளிடம் இருந்ததும் இந்தப் பட்டினியில் மெலிந்துவிட்டது. அது முப்பதுக்கு மேல் தின்னாது, மீதி இரத்தத்துக்குள் போகும். தொண்ணூறு வைத்தால் ஊரின் கைக்குழந்தைகள் ஒரு பொழுதுகூடத் தாங்கமாட்டார்கள். முப்பது வைத்தால் மற்றவர்கள் சமாளித்துக்கொள்வார்கள், சூசைமுத்தும் அவர் கூட்டாளிகளும் தேய்ந்துகொண்டே போவார்கள். ஊருக்கு இருப்பதோ ஒரே காற்று.

“இடையில ஒண்ணு வைக்கலாம்ல? அறுபது?” என்றாள் ஜெபக்கனி.

“அறுபதுன்னா ரெண்டு பக்கமும் போயிரும்க்கா.”

வீட்டுக்கு வந்து கணவரின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய கால்விரல்களை நீவிக்கொண்டிருந்தாள்.

“எத்தனை போட்ட?” என்றார் அவர்.

“இன்னும் போடல.”

“பிள்ளைக்கு எத்தனை?”

“முப்பது.”

“அப்ப போடு. இதுக்குப் போயி உக்காந்து யோசிச்சுக்கிட்டு இருக்க.” இருமல் வந்து முடிந்த பிறகு சிரித்தார். “எனக்கு வாசமே தெரியாதுல்லா கனி? முப்பதா தொண்ணூறான்னு எனக்கு எங்க தெரியப்போவுது.”

அவள் முப்பது என்று எழுதினாள். சட்டத்தில் ‘மிகக்கூடாது’ என்றிருந்த இடத்தில் ‘குறையக்கூடாது’ என்ற சொல் ஏறியது. ஆலைச் சங்கு ஊதியபோது பெண்கள் வாசலில் நின்று அழுதார்கள். நிம்மதியில் அழுதவர்களும் இருந்தார்கள், வீட்டுக்குள் தொட்டிக்கூடத்து ஆள் கிடந்தவர்களும் இருந்தார்கள்.

பழைய தொழிலாளிகளைத் தொட்டிக்கூடத்துக்குள்ளேயே பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். அங்கே வாயு கொஞ்சம் அடர்த்தி, ஆனாலும் தொண்ணூறை எட்டாது. அதோடு, கிழிந்துவிட்ட நுரையீரலைத் தைக்க நஞ்சால் முடியவில்லை. ஜெபக்கனி தினமும் போய்ச் சூசைமுத்துவின் பக்கத்தில் இருந்தாள். பேத்தியை அங்கே கொண்டுபோக முடியாது. எப்படியிருக்கிறாள் என்று அவர் கேட்பார், தூக்கத்தில் சிரிக்கிறாள் என்று இவள் சொல்வாள். யார் சாடை என்று கேட்பார். உங்க மூக்குதான் என்றாள் ஒருநாள். “அட பாவமே” என்றார். மழை தொடங்கிய வாரத்தில் அவர் போய்விட்டார். அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது குழந்தை கரகரப்பில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. ஜெபக்கனி நெடுநேரம் அதன் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனைக்கும் பிறகு ஒன்று மிஞ்சியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

துக்கத்துக்கு வராத மாப்பிள்ளை மறுநாள் காலையில் போன் பண்ணினான்.

“அத்தை, மாமா அடக்கத்துக்கு வரமுடியல. மன்னிச்சுக்கோங்க. எந்திரிக்கவே முடியல.”

“என்ன மாப்பிள்ளை, காய்ச்சலா?”

பதிலுக்கு இருமல் கேட்டது. அந்த இருமலை அவளுக்குத் தெரியும்.

“அங்கருந்து வந்ததுலருந்தே இருந்துச்சு அத்தை. சாதாரண சளின்னு நெனச்சேன், பயந்துருவான்னு மலர்கிட்ட சொல்லல. நெதமும் ஸ்கூலுக்குப் போயிட்டுத்தான் இருந்தேன்.” மறுபடி இருமினான். “இப்ப என் கிளாஸ் முழுக்க இருமுது, எங்க எல்லாரையும் ஸ்கூல்லயே படுக்க வச்சிருக்காங்க. பக்கத்து கிளாஸும். நேத்து ஒரு பையன் சட்டையில ரத்தம். ஹெட்மாஸ்டர் கேக்காரு, அரசாங்கத்துலருந்தும் வந்து கேக்காங்க. உங்களுக்குத்தான் தெரியுமாமே.”

“என்ன தெரியணும்?”

“இங்க ஆலை எதுவும் கிடையாது அத்தை. சிலிண்டர்ல கொண்டாந்து வகுப்புக்குள்ள திறந்துவிடப் போறாங்களாம். எத்தனை வைக்கணும்?”

ஜெபக்கனி சுவரில் சாய்ந்துகொண்டாள். உள்ளே மலர் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஆட்கள் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போனில் அவன் காத்திருக்கும் சத்தமும், அதற்குப் பின்னால், தூரத்தில், நிறையக் குழந்தைகள் இருமும் சத்தமும் கேட்டன.

“எந்த வயசுப் பிள்ளைங்க மாப்பிள்ளை?” என்று கேட்டாள்.