ஐந்தாம் வடத்தின் இரண்டு தோள்கள்

வலது தோளில் எலும்புக்குள்ளிருந்து வலி கிளம்பி, கழுத்து வழியாகக் காதுவரை ஏறியது. நான்கு நாளாக இதே பாடு. சட்டையை இடது கையால்தான் மாட்டிக்கொண்டேன். நண்பகல் பன்னிரண்டுக்கு என் முறை. பத்து நிமிடம் முன்பே ஐந்தாம் கோபுரத்தின் அறுபத்திரண்டு படிகளையும் ஏறி முடித்தேன். லிஃப்ட் சாமான்களுக்கு மட்டும்.

மேலே தாங்குகூட்டில் பூல்பாண்டி வாரில் கட்டுண்டு உட்கார்ந்திருந்தான். தோளில் தோல்பட்டை, பிடரியில் நரம்புச்செருகி, உள்ளங்கைக்குள் விடுபிடி. கண் அசந்துவிடக் கூடாது என்பதற்காகக் குரல்பெட்டி அவனுக்கு நாவல் வாசித்துக்கொண்டிருந்தது. கிரேக்கப் புராணத்தை யாரோ புதிதாக எழுதியிருந்தார்கள். அட்லஸ் என்ற ராட்சதன் ஆகாயத்தைத் தோளில் தாங்கி நிற்கிறான். ஒரு வீரன் கொஞ்ச நேரம் மாற்றிக்கொள்கிறான். பிறகு, ‘தோளுக்குச் சும்மாடு வைத்துக்கொள்கிறேன், அதுவரை பிடி’ என்று சுமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறான்.

“எக்கா, இந்த அட்லஸ் சரியான கேனப்பய. ரிலீவர் இல்லாத வேலைக்கு எவனாவது ஒத்துக்கிடுவானா?”

“அவனுக்கு யூனியன் இல்லல்லா.”

சிரித்தான். ஜன்னலுக்கு வெளியே, ஊர் மேல் விழுந்திருந்த நிழலின் விளிம்பு லேசாக நெளிந்தது.

“சிரிக்காதல. நிழல் ஆடுது.”

தூத்துக்குடிக்கு மேலே நிழற்பாய் விரிந்திருக்கிறது. பாய்க்கு வெளியே பகல் வெயில் ஐம்பத்தெட்டு டிகிரி. சாயங்காலம் ஆறு மணிக்குச் சுருட்டி, காலை ஆறுக்கு விரிப்பார்கள். பன்னிரண்டு வடங்கள் அதை இழுத்துப் பிடிக்கின்றன. ஒவ்வொரு வடத்தின் நுனியிலும் ஓர் ஆள். கையிலிருக்கும் விடுபிடியைத் தளர்த்தினால் அந்த வடம் கழன்றுவிடும்.

முன்பு கம்ப்யூட்டர்தான் பிடித்தது. ஒரு நாள் பெருங்காற்றில், ஒரு வடத்தை விட்டால் மற்ற பதினொன்றும் தப்பும் என்று கணக்குப் போட்டு ஒன்பதாவதை விட்டது. கணக்கு சரிதான். ஒரு மணி நேர வெயிலில் இரண்டு தெரு செத்தது. அதில் ஒன்று எங்கள் தெரு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. விடுகிற கை மனிதக் கையாக இருக்க வேண்டும். அந்தக் கைக்குப் பாரம் தெரிய வேண்டும். வடத்தின் இழுவையில் நூற்றில் ஒரு பங்கு எங்கள் தோளில் ஏறும். காற்று இழுத்தால் உடம்பு தானாகச் சாயும், மோட்டார்கள் அதைப் பார்த்துச் சாயும். ஒரு வடம் ஒரு நரம்பில் படிய எட்டு மாதம் ஆகும். அதனால் ஒரு வடத்துக்கு இரண்டு தோள்தான், மூன்றாவது ஆள் உட்கார முடியாது. அடுத்த ஆள் பக்கத்துக் கூட்டில் உட்கார்ந்து பாரத்தை வாங்கினால்தான் முதல் ஆளின் வார் திறக்கும்.

“இன்னும் இருவத்தோரு நாள்தான் எக்கா,” என்றான் பூல்பாண்டி. “பொறவு பவளம் நடுத படகு. பேரு வந்துட்டு. டாக்டர் முன்னாடி ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் காட்டணுமாம், அம்புட்டுதான்.”

“பாண்டி, ஒரு அரை மணி நேரம் சேத்துப் பிடிப்பியால? தோளு விண்ணுவிண்ணுன்னு தெறிக்கு. கீழ படுத்துட்டு வந்துருதேன்.”

“இப்பம்தான கதையக் கேட்டிய. கேட்டுட்டு இதையும் கேக்கியளே.”

“நான் எங்கல ஓடப்போறேன்.”

“சரி, போங்க. மூடைய மட்டும் வச்சுராதிய.”

மூடை என்றால் பதினைந்து கிலோ உப்பு மூடை. தோள் லேசாக இருந்தால் எங்களுக்குத் தூக்கம் வராது. உடம்பு பாரத்துக்குக் காத்துக்கொண்டே கிடக்கும். வீட்டில் வலது தோள் மேல் மூடையைச் சாத்திக்கொண்டுதான் தூங்குவோம். முறை நேரத்தில் மட்டும் அது கூடாது. கோபுரத்தில் எங்கள் இருவரைத் தவிர ஆள் கிடையாது. காற்று எழுந்தால் கீழ்க்கதவும் தானே பூட்டிக்கொள்ளும். மேலே இருப்பவன் கூப்பிடுவது, கீழறையில் மாட்டிக்கொள்ளும் செருகி வழியாகத் தோளில் ஓர் இழுப்பாக வரும். மூடை வைத்த உடம்பு, அதை மூடையின் இழுப்பு என்று நினைத்துத் தூங்கிவிடும். பயிற்சியில் முதல் நாள் சொல்லித்தருவது இதைத்தான்.

கீழறைச் செருகியை மாட்டிக்கொண்டு படுத்தேன். கால் மணி நேரம் புரண்டேன். மூலையில் மூடை கிடந்தது. ஐந்து நிமிடம், வலி அடங்கியதும் தள்ளிவிடலாம் என்று எடுத்து வைத்தேன்.

மூடை சரிந்து விழுந்தபோது விழித்தேன். மணி ஐந்து இருபது. கண்ணாடியில் மணல் அறைந்துகொண்டிருந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று.

படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. பூல்பாண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து, கண்ணைத் திறந்தபடி இருந்தான். உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. குரல்பெட்டி வேறேதோ அத்தியாயத்தை வாசித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கூட்டில் விழுந்து செருகியை மாட்டினேன். வடம் என் தோளில் இறங்கியது. அந்தப் பாரத்தில் எனக்கே கத்த வந்தது. அதை அவன் காலை ஆறிலிருந்து பதினோரு மணி நேரத்துக்கு மேல் பிடித்திருக்கிறான்.

வார் திறந்தது. தோல்பட்டையின் கொக்கியை எடுக்க வலது கையைத் தூக்கப் பார்த்தான். கை வரவில்லை. அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இடது கையால் எடுத்தான்.

“மூடையா?”

“ஆமா.”

தரையில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தான்.

“பிடிய விட்டிருக்கலாமேல, பாண்டி. உன்னைய யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாவ.”

“பள்ளிக்கூடம் விடுத நேரம்லாக்கா. பிள்ளைய எல்லாம் ரோட்டுல நிக்கும்.”

விசாரணை வைத்தார்கள். வாய்ப்பேச்சில் முறை மாற்றிக்கொள்வது விதியில் இல்லை. விதியில் இல்லாததால் அது நடக்கவும் இல்லை. காற்றுதான் காரணம் என்று அறிக்கை எழுதினார்கள். பூல்பாண்டி இடது கைப் பெருவிரலை அதில் வைத்தான். மூடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயைத் திறந்தால் என்னை வேலையைவிட்டு எடுப்பார்கள், ஐந்தாம் வடத்துக்கு ஒரு தோளும் மிஞ்சாது என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நானும் சொல்லவில்லை.

தோளிலிருந்து விரல்வரை நரம்பு கருகிவிட்டது, திரும்பாது என்றார் டாக்டர். பவளப் படகு அவன் இல்லாமல் போய்விட்டது. அவன் இடத்துக்கு வர இருந்த புது ஆள் ஒருத்தி அவன் நரம்பைப் பின்பற்றித்தான் வடத்துக்குப் படிந்துகொண்டிருந்தாள்; அது கருகியதும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். இன்னும் ஆறு மாதம் ஆகும். அதுவரை காலை வேளையில், ஐந்தாம் வடம் இழுத்துப் பிடிக்கும் கிழக்கோரப் பாயை விரிப்பதில்லை. அங்கே இருக்கிற இரண்டு தெரு ஆட்களும் பச்சைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நண்பகல்வரை நிலவறையில் கிடக்கிறார்கள். ஏன் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பூல்பாண்டிக்குக் கீழ்வாசலில் பெயர் பதிகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். இடது கையால் எழுதுகிறான், எழுத்து கோணலாக வருகிறது. தினமும் என் பெயரை எழுதும்போது, “சாப்ட்டாச்சா எக்கா?” என்று கேட்கிறான். “ஆச்சு பாண்டி” என்று சொல்லிவிட்டுப் படியேறுகிறேன். அவன் வேறெதுவும் கேட்பதில்லை. கேட்டாலும் கொடுக்க என்னிடம் வழியில்லை.

பூல்பாண்டிக்கு நான் ஒரு வலது தோள் பாக்கி.