எழுந்திருக்க மறுத்த அடைக்கோழி

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. கதவில் 'தனியார் துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை. அதற்குக் கீழே கடைக்காரர் தன் பங்குக்கு 'கண் பரிசோதனை கீழே' என்று ஒட்டியிருந்தார். படியேறி வருகிறவர்களில் பாதிப்பேர் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றுதான் வந்தார்கள்.

கால்நடைக் காப்பீட்டு அலுவலகத்தில் செத்த மாட்டையும் செத்ததாகச் சொல்லப்பட்ட மாட்டையும் பிரித்தறிந்தே காலம் தள்ளிய அண்ணி, அண்ணன் காலமானபிறகு தொடங்கிய நிலையம் அது. காரை ஓட்டவும் அவசரப்பட்டு முடிவுக்கு வரவும் கொழுந்தன் சேர்ந்துகொண்டான். இரண்டுக்கும் சம்பளம் ஒன்றுதான். அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மேசை. நாள் முழுக்க வழக்குகளைப் பற்றிப் பேசுவார்கள். இல்லாத மூன்றாவது ஆளைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள்.

அன்று வந்தவருக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. வெளியூரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். உட்காராமலேயே ஆரம்பித்தார்.

"எங்கம்மா வீட்ல ஒரு கோழி அடை படுத்திருக்கு மேடம். எழுந்திருக்கவே மாட்டேங்குது. யாரோ சதி பண்றாங்க."

கொழுந்தன் சிரித்துவிட்டான். அண்ணி அவனைப் பார்த்தார். சிரிப்பை இருமலாக மாற்றுவதில் அவனுக்கு நல்ல பழக்கம் உண்டு.

"முதல்ல உக்காருங்க," என்றார் அண்ணி. "சேவல் இருக்கா?"

"கிடையாது. அஞ்சாறு பெட்டைங்க மட்டும்தான். முட்டை பொரிக்காதுன்னு நமக்குத் தெரியுது, அதுக்கு யார் சொல்றது?" அவர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். "அம்மா தனியா இருக்காங்க. என்கூட வந்துடறேன்னு ஒத்துக்கிட்டாங்க. கோழிங்களை ஒரு தோப்புக்காரர் எடுத்துக்கறேன்னார். ஆனா அடை கிடக்கறதோட வேண்டாமாம். ஒண்ணைப் பாத்து இன்னொண்ணும் படுத்துக்குமாம். எழுந்ததும் கொண்டாங்கன்னுட்டார். அம்மாவும் அதேதான் சொல்றாங்க, கோழி எழுந்ததும் வரேன்னு."

"அடையைக் கலைக்க என்ன செஞ்சீங்க?"

"நானே கம்பிக்கூண்டு செஞ்சு கொடுத்தேன். அடியிலயும் கம்பி. செங்கல் மேல தூக்கி வச்சிருக்கேன்."

"சரியான வேலைதான். அடிவயித்துல காத்து பட்டா சூடு இறங்கிடும். நாலஞ்சு நாள்ல எழுந்து மேய ஆரம்பிச்சுடும்."

"மாசம் ஆகப்போகுது! தினமும் போன் பண்ணி, கோழி எழுந்துச்சாம்மான்னு கேக்கறேன். இல்லப்பா, அப்படியேதான் இருக்குங்கறாங்க."

"தினமுமா?"

"தினமும்தான். சாயங்காலம் கடையில கூட்டம் குறைஞ்சதும் முதல் வேலை அதுதான்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடின்னா..." அவர் யோசித்தார். "அப்பப்ப. வேலை இருக்கும்ல மேடம்."

அண்ணி தலையாட்டினார். கொழுந்தனுக்கு இந்தக் கேள்வி எதற்கென்று புரியவில்லை. புரியாத கேள்விகளை அவன் உடனே மறந்துவிடுவான். அதனால்தான் இன்னும் காரோட்டிக்கொண்டிருக்கிறான்.

"யார் மேலயாவது சந்தேகமா?"

"பக்கத்து வீட்டு வாட்ச்காரர், வாட்ச் ரிப்பேர் பாத்தவர். மனைவி போய்ச் சேர்ந்தாச்சு. பேச்சுத்துணைக்கு எங்கம்மாதான். சாமான் கட்ட அட்டைப்பெட்டி கேட்டேன், வீடு நிறைய வச்சுக்கிட்டே இல்லைன்னுட்டார். அவர்தான் கோழியைத் திருட்டுத்தனமா எடுத்து எடுத்து அடையில உக்கார வைக்கறார். நிரூபிச்சுக் கொடுங்க, போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டு அம்மாவைக் கையோட கூட்டிட்டுப் போயிடறேன்."

சொல்லாமல் கொள்ளாமல் மூவரும் அவருடைய அம்மா வீட்டில் போய் நின்றார்கள். முன்னறையில் தையல் மெஷின், பக்கத்தில் பாதி தைத்த ஜாக்கெட்டுகள், கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரம்மா. மகனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பின்னால் வந்த இரண்டு பேரைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

"கோழிக்கு டாக்டரா?" என்றார்.

"கிட்டத்தட்ட," என்றார் அண்ணி.

தண்ணீர் கொடுத்த கையில், மணிக்கட்டைச் சுற்றிச் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள் இருப்பதைக் கொழுந்தன் பார்த்தான். கொசுக்கடி என்று நினைத்தான்.

கொல்லைக் கதவுக்குப் பூட்டு இருந்தது. சாவி தையல்காரம்மாவின் இடுப்பில். கொல்லைக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இடுப்புயரச் சுவர். கோழிக்கூட்டின் இருட்டு மூலையில் ஒரு கறுப்புக்கோழி, தட்டையாக, பெரிதாக, உலகத்தோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதுபோலக் கிடந்தது. கொண்டை வெளிறியிருந்தது.

"கூண்டுல இல்லையே?" என்றார் மகன்.

"ராத்திரி பகல் கூண்டுலதாம்ப்பா கிடக்கு. இப்பதான் தீனிக்கு விட்டேன். ஓடிப்போய் மறுபடி படுத்துக்கிச்சு."

அண்ணி முதலில் கம்பிக்கூண்டிடம் போய்க் குனிந்தார். கூண்டுக்குள் தண்ணீர்க் கிண்ணம். கிண்ணத்துக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு சிலந்தி நிம்மதியாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. கூண்டுக்கடியில் புல் பச்சைப்பசேலென்று, துடைத்துவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது. பிறகு கூட்டுக்குள் கை விட்டார். கோழி உறுமியது. நறுக்கென்று கொத்தியது. அண்ணி முகம் மாறாமல் கையை எடுத்தார். விரலில் ஒட்டியிருந்த ஒரு நீலநூலை உருட்டிக் கீழே போட்டார்.

"நீங்க போய் வாட்ச்காரரைப் பாத்துட்டு வாங்க," என்றார் கொழுந்தனிடம்.

கொழுந்தன் சுவரைத் தாண்டினான். வாசல் வழியாகவே போயிருக்கலாம். ஆனால் துப்பறிகிறவன் சுவரைத்தான் தாண்ட வேண்டும் என்று அவனுக்கு ஒரு கொள்கை. இறங்கிய இடத்திலேயே செருப்பு வழுக்கியது. குனிந்து பார்த்தான். முகர்ந்தும் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம்.

வாட்ச்காரர் வீட்டுக்குள் சுவர் முழுக்கக் கடிகாரங்கள். எல்லாம் ஓடின. ஒன்றுகூட இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை.

"இத்தனை வருஷம் ரிப்பேர் பாத்தீங்க, சொந்த வீட்ல சரியா வைக்க மாட்டீங்களா?"

"வச்சுப் பாத்தேன் தம்பி. எல்லாம் ஒண்ணா அடிச்சு ஒண்ணா ஓய்ஞ்சுடுது. அப்புறம் வீடு ரொம்ப அமைதியாயிடுது. இப்படி முன்ன பின்ன இருந்தா யாராவது பேசிட்டே இருக்கற மாதிரி இருக்கும்."

கொழுந்தனுக்கு ஏனோ தன் அறையிலிருக்கும் ஒற்றைக் கடிகாரம் ஞாபகம் வந்தது. ஆனாலும் கடமை கடமைதான். அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு, இந்தத் தடவை வாசல் வழியாக, வெற்றி வீரனைப் போல வந்தான்.

"அண்ணி, கேஸ் முடிஞ்சுது! இவர் தோட்டத்துல எச்சம். சாதாரணக் கோழி எச்சமில்ல. கைப்பிடியளவு. நாத்தம் குடலைப் புடுங்குது. அடைக்கோழி நாள் முழுக்க அடக்கி வச்சு ஒரே தடவையா போடும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? கோழி இவர் பக்கம் வந்திருக்கு. கூண்டுல இருந்த கோழி தானா எப்படி வரும்? இவர் எடுத்திருக்கார்!"

"செருப்பைக் கொஞ்சம் வெளியில விட்டுட்டு வந்து சொல்லுங்களேன்," என்றார் அண்ணி.

மகன் பாய்ந்தார். "சொன்னேனா இல்லையா? என்ன சார் இது? வயசுக்கு ஏத்த வேலையா?"

வாட்ச்காரர் சுற்றிலும் பார்த்தார். தையல்காரம்மாவைப் பார்த்தார். அந்தம்மா அளவு நாடாவைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார். வாட்ச்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆமா. நான்தான் செஞ்சேன்."

கொழுந்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் கண்டுபிடித்து யாரும் இதுவரை ஒத்துக்கொண்டதே இல்லை.

"எப்படிச் செஞ்சீங்க?" அண்ணி சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அம்மா தைக்க உக்காந்ததும் சுவர் தாண்டி வருவேன். கூண்டைத் திறந்து கோழியை எடுத்து அடையில வச்சுடுவேன். அப்புறம் திரும்பக் கூண்டுல விட்டுடுவேன்."

"வயித்துக்கடியில என்ன வச்சீங்க?"

"என்னத்தை வைப்பாங்க? முட்டைதான்."

"சரி. இப்ப ஒரு தடவை எடுத்துக் காட்டுங்க."

வாட்ச்காரர் கூட்டுக்குள் கையை விட்டார். அடுத்த விநாடி 'ஐயோ' என்று பின்வாங்கி, கொழுந்தனின் காலை மிதித்தார். நுண்ணிய பல்சக்கரங்களை எடுத்துப் பழகிய, ஒரு கீறல்கூட இல்லாத கை. முதன்முதலாக அதில் ரத்தம் துளிர்த்தது.

"தினமும் எடுக்கறவருக்குக் கொத்துமேன்னு தெரியாதா?" என்றார் அண்ணி. "கொத்து வாங்கின கை வேற. தண்ணி கொடுத்தப்பவே பாத்தேன்."

அண்ணி கோழியை இரண்டு கையாலும் அணைத்து மெல்லத் தூக்கினார். வைக்கோலில் வட்டமாக, ஒழுங்காக அடுக்கியிருந்தவை நூல்கண்டுகள். நீலம், வெள்ளை, ஒரு மஞ்சள்.

"மத்த கோழிங்க போடற முட்டை வீணாகக் கூடாதுன்னு தினமும் எடுத்துட்டு, அடைக்கு வேற எதையோ வைக்கறவங்க யாரு? வீட்ல நூல்கண்டு நிறைய இருக்கறவங்க. கோழிக்கு அடியில என்ன இருக்குன்னே வாட்ச்காரருக்குத் தெரியாது. கோழி கூண்டுக்குள்ள போனதே இல்லைன்னு மட்டும் ஜன்னல்லேர்ந்து பாத்திருப்பார். கோழி கூண்டுல இருந்திருந்தா அடியில புல்லு அவ்வளவு சுத்தமா இருக்காது, கிண்ணத்துல வலையும் இருக்காது. கோழி தினம் ஒரு தடவை தானா எழுந்து சுவர் தாண்டிப் போய் அவர் தோட்டத்துல வேலையை முடிச்சுட்டு வந்து படுத்துக்குது. அதைத்தான் என் கொழுந்தன் மிதிச்சார்." அண்ணி வாட்ச்காரர் பக்கம் திரும்பினார். "உங்க மேல புகார் வரும்னு தெரிஞ்சும் ஏன் சார் ஒத்துக்கிட்டீங்க?"

வாட்ச்காரர் விரலைச் சப்பிக்கொண்டே, "அந்தம்மா மாட்டிக்கக் கூடாதுன்னு பாத்தேன்," என்றார்.

மகன் அம்மாவைப் பார்த்தபடியே நின்றார். "ஏம்மா? வரப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"பிடிக்கலைன்னு யார் சொன்னா?" தையல்காரம்மா நாடாவை விட்டுவிட்டார். "போன வருஷம் உன் வீட்ல வந்து இருந்தேனே, ஞாபகம் இருக்கா? காலையில நான் எழுந்திருக்கறதுக்குள்ள போயிடுவே. ராத்திரி வந்து, 'சாப்டியாம்மா'ன்னு கேட்டுட்டு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவே. பதிலைக்கூடக் கேக்க மாட்டே. நான் அந்தக் கதவைத்தான் பாத்துட்டு இருந்தேன். இங்க வந்தப்புறமும் எப்பவாவதுதான் போன் வரும். இது அடை படுத்துச்சு. நீ தினமும் கூப்பிட்டே. இன்னிக்குத் தீனி எடுத்துச்சா, கொண்டை எப்படி இருக்கு, இறக்கையை விரிக்குதான்னு எவ்வளவு கேட்டே! ஒரு நாள் அரைமணி நேரம் பேசினே, தெரியுமா? இது எழுந்துட்டா நீ என்னத்தைக் கேப்பே?"

கொழுந்தன் பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நூல்கண்டுகளில் வைத்தான்.

அண்ணிதான் பேசினார். "அம்மா, இது தீனி சரியா எடுக்காம எலும்பும் தோலுமாயிட்டிருக்கு. இதுக்கு மேல படுக்க விடக் கூடாது. கூண்டுல விட்டுடுங்க."

தையல்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "விட்டுடறேம்மா. பாவம், அதுக்கு இது நூல்னு தெரியாது."

கோழியைத் தானே வாங்கிக் கூண்டில் விட்டார். மணிக்கட்டில் இன்னும் இரண்டு புள்ளிகள் சேர்ந்தன. பிறகு மகனைப் பார்த்து, "நான் இங்கயே இருக்கேம்ப்பா. தூரத்துல இருந்தாத்தான் நீ என்கூட இருக்கே," என்றார். மகன் மறுக்கவில்லை. வாட்ச்காரரிடம் போய், கையில் மருந்து போட்டுக்கொள்ளச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல்லைவிட அவருக்கு அது சுலபமாக வந்தது.

கொழுந்தன் காரைத் திருப்பி ஓட்டிவந்தான். கண்ணாடிக் கடை வாசலில் இறங்கும்போது அண்ணி கதவைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தான். "நாளைக்குச் சீக்கிரம் வாங்க," என்றார். நாளைக்கு எந்த வழக்கும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அந்த வாரக் கடைசியில் நிலையத்தின் போன் அடித்தது. கொழுந்தன் எடுத்தான்.

"கோழி எழுந்துடுச்சு தம்பி," என்றார் தையல்காரம்மா. "காலையிலேர்ந்து மண்ணைக் கிளறிக்கிட்டு ஒரே அட்டகாசம். உங்க அண்ணிகிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேம்மா." கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுக் கேட்டான். "உங்க பையன் கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டான். எழுந்துடுச்சுப்பான்னு சொன்னேன். 'சரிம்மா'ன்னான். அதுக்கப்புறம் அவனுக்கு என்ன பேசறதுன்னு தெரியலை. எனக்கும் தெரியலை. அவன் கடையில ஃபேன் ஓடற சத்தம் கேட்டுது. யாரோ வந்து இருமல் மருந்து கேட்டாங்க, எடுத்துக் கொடுத்தான், சில்லறை கொடுத்தான். ரொம்ப நேரம் அப்படியே இருந்தோம் தம்பி." அந்தம்மா கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அவன் போனை வைக்கலை."