மூடியில் எழுதிய சூடு

ரத்தோட்டை பஸ் மாத்தளை ஸ்டாண்டை விட்டு வெளியேறவும் மழை வலுக்கவும் சரியாக இருந்தது. டிரைவர் போட்ட பிரேக்கில், நனைந்த குடையோடு நின்றவனின் முழங்கை டயனாவின் மடியிலிருந்த டப்பாவைத் தட்டிவிட்டது. ஆறு கண்ணாடித் துண்டுகளும் சீட்டில் சிதறின.

ஒன்றும் உடையவில்லை. ஆனாலும் அவளுக்கு அழுகை முட்டியது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஆறு வாரம் உழைத்து, வெவ்வேறு சூட்டில் கண்ணாடிமேல் படியவைத்த மெல்லிய காந்தப் படலங்கள் அவை. திங்களன்று கொழும்பில் சோதனை. எது எந்தச் சூடு என்பது, அடுக்கிய வரிசைப்படி டப்பா மூடியில் மட்டுமே எழுதியிருந்தது.

அவன் பெயர் ஜெனோசன். ரிவர்ஸ்டன் பக்கத் தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் டிரையருக்குப் பொறுப்பு. இமையில் மழைத்துளி தங்க, பளபளப்பைப் பார்த்து அடுக்கிவிடலாமே என்றான். முழங்கை செய்த பாவம் போதாதென்று வாய் வேறு...

"விடையப் பாத்துட்டுக் கேள்விய எழுதச் சொல்றீங்களா?" என்று சீறினாள். சூடு படலத்தின் அமைப்பை எப்படி மாற்றுகிறது என்பதுதானே அவளுடைய ஆராய்ச்சியே.

அடுத்த வெள்ளி, அதே பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். கொழும்புச் சோதனை தள்ளிப்போயிருந்தது; வாரம் ஒன்றாக அவள் புதிதாகச் செய்து வீட்டுக்குக் கொண்டுபோகும் துண்டுகளை, தட்டிவிட்டதற்கு ஈடாக, ரத்தோட்டை வரை தானே பத்திரமாகப் பிடித்து வருவதாகச் சொன்னான். சூடு என்னதான் செய்யும் என்றும் கேட்டான். குளிர்ந்த கண்ணாடியில் இரும்பு அணு விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இதமான சூட்டில் நகர்ந்து, தன் இடத்தைத் தேடி ஒழுங்காக உட்காரும். சூடு மிஞ்சினால் திட்டுத் திட்டாகக் குவிந்துவிடும் என்றாள். அந்தக் கண்கள் அவள் முகத்தை விட்டு அகலவில்லை. இப்படி யார் அவளைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்?

இதற்குள் பேராசிரியர் அவளைக் கடிந்திருந்தார். ஒவ்வொரு கண்ணாடியின் முதுகிலும் அதன் எண்களைக் கீறாதது அவள் குற்றம்தான். இதை ஜெனோசனிடம் சொல்லிவிட்டால் அவன் வர வேண்டியதில்லை... சொல்ல மனம் வரவில்லை.

ஆறாம் வெள்ளி. கடைசித் துண்டு அவன் மடியில். ஜன்னலில் மழை. இனி மறைக்க முடியாது.

"தப்பு என்னோடதுங்க. கண்ணாடியிலயே நம்பர் போட்டிருக்கணும். உங்கள சும்மா அலைய விட்டுட்டேன். நீங்க வராம போயிருவீங்களோன்னு பயம்... உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."

அவன் சிரித்தான். "எங்க பெக்டரியில தேயிலை சாம்பிள் டப்பாவோட மூடியில நம்பர் எழுதினா மேனேஜர் தொரை ஏசுவாரு. மூடி மாறிடும்ல? உங்க தப்புன்னு அன்னைக்கே தெரியுங்க."

"தெரிஞ்சுமா அன்னைக்கு எங்கிட்ட ஏச்சு வாங்கினீங்க?"

"சொல்லியிருந்தா... அடுத்த வெள்ளி உங்க பக்கத்துல உக்கார எனக்கு என்ன காரணம் இருந்திருக்கும்?"