டேங்கில் மிச்சமிருந்தது

டேங்க் மூடியைத் திறந்ததும் டீசல் வாடை வரவில்லை. அதுதான் முதலில் அவனுக்கு உறுத்தியது. பஸ் டிப்போவில் பன்னிரண்டு வருஷமாக டீசலில் குளித்து எழும் மெக்கானிக் அவன். சட்டையை எத்தனை முறை அலசினாலும் அந்த வாடை போவதில்லை என்று மனைவி மூக்கைச் சுளிப்பாள். இங்கே வந்ததோ ஒரு புளித்த வீச்சம், அதற்கடியில் இளஞ்சூடாக, பல் விளக்காத யாரோ முகத்துக்கு நேரே மூச்சு விட்டாற்போல இன்னொன்று. தலையை விலக்கிக்கொண்டான்.

அது மாமனாரின் கார். கண் மங்கிய பிறகு அவர் இந்தத் தகர ஷெட்டில் நிறுத்திப் பூட்டிப் பதினான்கு வருஷம் ஆயிற்று. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இத்தனை நாள் யாரும் சீண்டாத வண்டியை இன்று தூசு தட்டக் காரணம், வீட்டுக்குள் நிறைமாதமாகப் படுத்திருக்கும் அவருடைய மகள். இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு வலி வந்த அன்று, இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று வாடகைக் கார்க்காரன் ஒரு மணி நேரம் இழுத்தடித்தான். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போது குழந்தை இல்லை. இந்தத் தடவை எவனையும் கெஞ்சப்போவதில்லை, நம் வாசலிலேயே வண்டி நிற்கும் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்றே நாள்.

பழைய டீசலை முழுக்க இறக்கி, டேங்கைக் கழற்றிக் கழுவாமல் எஞ்சினைத் தொடக்கூடாது என்பது டிப்போவில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். அதைச் செய்யாதவர்களை இவனே வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறான். ஆனால் போல்ட்டெல்லாம் துருவேறி இறுகிக் கிடந்தன, டேங்கை இறக்கினால் முழுசாக இரண்டு நாள் போய்விடும். புதுசை மேலே ஊற்றினால் பழசோடு கலந்து சரியாகிவிடும் என்று தனக்கே சால்ஜாப்பு சொல்லிக்கொண்டு இருபது லிட்டரை ஊற்றினான். ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே கறுப்பாக, வழவழவென்று, கிண்ணம் நிறைய ஜவ்வு. விரலால் வழித்து எறிந்தான். சுவரில் பட்டது கீழே வழியாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது. சீ, என்ன கருமம் இது என்று கையைத் துணியில் துடைத்தான்; பிறகு அந்தத் துணியைத் தொடவே மனசு வரவில்லை.

பம்புக்கு டீசல் ஏறவில்லை. அதற்கு டிப்போவில் எல்லாரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. ஹோஸ் முனையை வாயில் வைத்து ஓர் இழு. நாக்கில் டீசல் பட்டதும் துப்பிவிட்டு ஹோஸைச் சொருகிவிடுவார்கள். யோசிக்கக்கூட இல்லை, வாயில் வைத்து இழுத்தான். வரவில்லை. கன்னம் ஒட்டிப்போக இன்னோர் இழு. வந்தது. வெதுவெதுப்பாக, உப்புக் கரிக்கும் ஒரே கட்டியாக வாயை நிறைத்தது. துப்புவதற்குள் அதில் பாதி, வழி தெரிந்த மாதிரி, தானே தொண்டைக்குள் நழுவி இறங்கிவிட்டது. அவன் விழுங்கவில்லை. சத்தியமாக விழுங்கவில்லை.

மண்டி போட்டு ஓங்கரித்தான். விரலை விட்டுக் குடைந்தான். குடித்த தண்ணீர் வந்தது, சாப்பிட்ட சோறு வந்தது, பித்தம் வந்தது; அது மட்டும் வரவில்லை. தொண்டைக்குழிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது. எச்சில் விழுங்கும்போதெல்லாம் அதுவும் ஒரு தடவை விழுங்கியது. அருவருப்பில் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது, தன் வாயையே அறுத்து எறிந்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் மூன்றே நாள். எழுந்து ஃபில்டரையும் ஹோஸையும் மாட்டி, டிப்போவிலிருந்து கொண்டுவந்த பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பினான்.

பதினான்கு வருஷம் படுத்த எஞ்சின் முக்கும், முனகும், பத்துத் தடவையாவது ஏமாற்றும். இது முதல் தடவையே பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள்ளிருந்து அவள் சிரிப்புக் கேட்டது, "ஓடிருச்சா?" என்றாள். அவன் வண்டியை விட்டு இறங்கினான். பின்னால் சைலன்சரைப் பார்த்துக்கொண்டு நின்றான். புகையே இல்லை. ஈரக் காற்று வந்தது, கொஞ்சம் நின்றது, மறுபடி வந்தது.

சாவியைத் திருப்பி அணைத்தான். எஞ்சின் அணையவில்லை. டீசல் வரும் ஹோஸைப் பிடுங்கினான். ஓடியது. தன் எஞ்சின் ஆயிலையே குடித்து ஓடுகிற வண்டிகளை அவன் பார்த்திருக்கிறான். காற்றுப் போகும் வாயை அடைத்தால் எப்பேர்ப்பட்ட எஞ்சினும் திணறி அடங்கிவிடும். பானெட்டுக்குள் குனிந்து, கோணிச் சாக்கை மடித்து அந்த வாயில் அமுக்கினான்.

அடங்கவில்லை. சாக்கு நனைந்தது. சூடாக. உள்ளங்கையோடு சேர்த்து உறிஞ்சியது. கையை இழுத்தான். வரவில்லை. சாக்குக்கு அந்தப் பக்கம் மெத்தென்று ஏதோ அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது.

வாசலில் செருப்புச் சத்தம். கையில் பையோடு அவள் வந்தாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. தூக்கிய பானெட்டுக்குப் பின்னால் அவன் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

"வலி வந்திருச்சுங்க. நீங்க பதறாதீங்க, அதான் வண்டி நிக்குதே."

ஏறாதே. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. அது வந்தது. நாக்கின் மேல். பல்லுக்குப் பின்னால். கன்னம் நிறைய.

பின் கதவு திறந்தது. சீட் அமுங்கியது. ஒரு கை மாட்டியபடியே அவன் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான். சாத்தாத கதவு வழியாக அவள் கால்கள் தெரிந்தன. அவள் குனியவில்லை, சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, காலெல்லாம் ஈரமா இருக்கு. பனிக்குடம் உடைஞ்சிருச்சுன்னு நினைக்கிறேன். சீக்கிரம் எடுங்க."

அவள் கணுக்காலில் கறுப்பாக, வழவழவென்று. அது கீழே வழியவில்லை. முழங்காலைத் தாண்டி, அவசரமே இல்லாமல், மேலே ஏறிக்கொண்டிருந்தது.