இருபத்தாறாம் டோக்கன்

ஹூப்ளியில் பூட்டிக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்துக்கு, தொற்றுக் காலத்தில் ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்று குடிவந்தது. மணமேடையில் நோயாளிக்கு நாற்காலி. அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் திரை. கையை வெளியே நீட்ட ஓர் ஓட்டை. இதற்கு ‘பேச்சில்லா ரத்தச் சேகரிப்பு’ என்று பெயர் வைத்த உரிமையாளர் டாக்டர் நவல்குந்த், வாசலில் மாப்பிள்ளை படம் மாட்டும் இடத்தில் தன் படத்தை மாட்டிக்கொண்டார்.

வாயைத் திறந்தால் கிருமி பறக்குமாம். அதனால் யாரிடமும் பெயர் கேட்கக் கூடாது. பெயர் ஒட்டிய குழாய்களை முன்கூட்டியே டோக்கன் வரிசையில் அடுக்கிவிட வேண்டும்.

“பேரைக் கேட்டு எடுத்து, அவங்க கண்ணு முன்னாடிதான் சார் ஒட்டணும். பதினஞ்சு வருஷமா அப்படித்தான் செய்றேன்,” என்றாள் ரத்தம் எடுக்கும் கஸ்தூரி.

“அதான் பதினஞ்சு வருஷமா ஊசியோடவே நிக்கிறீங்கம்மா,” என்றார் டாக்டர்.

பத்து நாளைக்கு முன்பு, இருபத்து மூன்றாம் டோக்கன்காரர் வரிசையைப் பார்த்துப் பயந்து நழுவிவிட்டார். அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். அதிலிருந்து ஒவ்வொருவர் ரத்தமும் முன்னவர் பெயரில் போயிற்று. கடைசியில் ஒரு குழாய் காலியாக மிஞ்சியபோதுதான் கஸ்தூரிக்கு உறைத்தது. டாக்டரிடம் ஓடினாள்.

“கடைசி ஆளை மட்டும் திரும்பக் கூப்பிட்டு நிரப்புங்க. கணக்கு சரியாயிடும்,” என்றார் மேதை.

இருபத்தாறாம் டோக்கன் பசலிங்கப்பா, ஓய்வுபெற்ற வாத்தியார். அவருக்குப் போனது இன்னொருவரின் நல்ல ரிப்போர்ட். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியவர் வீட்டிலேயே இருந்தார். மூன்றாம் நாள் செத்துப்போனார். மகள் புகார் கொடுத்தாள்.

இன்று பகல் பன்னிரண்டுக்கு விசாரணை அதிகாரி வருகிறார். நோயாளிகளை வரவேண்டாமென்று சொல்லியாயிற்று. டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டினார். எல்லோரிடமும் பெயர் கேட்டே ரத்தம் எடுத்ததாகக் கஸ்தூரி சொல்வதுபோல் எழுதியிருந்தது. அவள் கையெழுத்துப் போட்டால் வாத்தியார் ஏன் செத்தார் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

“யோசிச்சுப் போடுங்க. ஆனா போடுங்க.”

அப்போது மேடையில் நாற்காலி கிரீச்சிட்டது.

திரை ஓட்டை வழியாக ஒரு கை வெளியே வந்து, உள்ளங்கை மேலாக, சாதுவாக நின்றது. விரல்களில் சாக்பீஸ் தூள். கிருமிநாசினி நெடியையும் மீறி, ஈர விபூதியின் வாசனை.

“இன்னிக்கு யாரையும் வரக் கூடாதுன்னு சொன்னோமே,” என்றாள் கஸ்தூரி.

“படிக்காத ஜனம். நகருங்க, அதிகாரி வர்றப்ப நானே எடுக்கிற மாதிரி இருக்கட்டும்.” டாக்டர் கடைசியாக ஊசி பிடித்துப் பத்து வருஷம் இருக்கும். மூன்று இடத்தில் குத்தினார்.

கை அசையவில்லை.

ரத்தமும் வரவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல். “பேரு கேக்கலீங்களே.”

“பேசக் கூடாதுய்யா. போர்டுல போட்டிருக்கில்ல?”

அந்தக் கை திரும்பியது. டாக்டரின் மணிக்கட்டை, நாடி பார்ப்பதுபோல, மெதுவாகப் பற்றியது.

கஸ்தூரி திரையை விலக்கினாள்.

நாற்காலி காலி.

டாக்டர் மேடையிலிருந்து உருண்டு இறங்கி, மண்டபத்தின் நடுவே தன் பாதுகாப்பு அங்கியிலேயே சிக்கிக் கிடந்தார். முன்பக்கம் நனைந்திருந்தது. அந்தக் கோலத்தில்தான் அதிகாரி அவரை முதலில் பார்த்தார். தூக்கி உட்கார வைக்கச் சொன்னார்.

கஸ்தூரி காகிதத்தை நான்காகக் கிழித்தாள். “நடந்ததை நானே சொல்றேன் சார். பேரு கேக்கலை. குழாய் மாறிப்போச்சு.”

அதிகாரி தலையசைத்து, பேனாவைத் திறந்தார். “முதல்ல உரிமையாளர். உங்க பேரு?”

டாக்டர் வாயைத் திறந்தார்.

“பசலிங்கப்பா.”

அது அவர் குரல் இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தேய்ந்த, பொறுமையான குரல்.

அதிகாரி நிமிர்ந்தார். “உங்க பேரைக் கேட்டேன்.”

“பசலிங்கப்பாங்க. டோக்கன் இருபத்தாறு.” டாக்டரின் கண்கள் மட்டும் பிதுங்கி உருண்டன, உதடுகள் மரியாதையாகச் சிரித்தன. “ஒரு வாரமா இங்கேயேதான் உக்காந்திருக்கேன். என் ரிப்போர்ட் இன்னும் வரலீங்க.”