ஒன்பதாவது பட்டை

உச்சி வெயிலில் கால்வாய்க் கரை வெடித்துக் கிடந்தது. அதன் மேல் போன காலடித் தடங்கள் மட்டும் ஈரமாக இருந்தன.

லூர்துமேரி பிரேக்கைப் பிடித்து ஒரு காலை ஊன்றி நின்றாள். ஒருவர் பின் ஒருவராக வடக்கே போன தடங்கள். குதிகால் எங்கேயும் பதியவில்லை. விரல்கள்தான் மண்ணைக் குடைந்திருந்தன. பாரம் இழுக்கிறவர்களின் நடை அது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. மரக்காணத்து உப்பைப் பட்டணத்துக்குக் கொண்டுபோகும் படகுகளைக் கயிறு கட்டி, கயிற்றில் கோத்த பட்டையைத் தோளில் மாட்டிக் கரைமேல் நடந்துதான் இழுப்பார்கள். உலகச் சண்டை தொடங்கி பெட்ரோல் முடை வந்ததிலிருந்து நாளுக்கு நாலு படகு போகிறது. ஆனால் மழை பெய்து மூன்று மாதமாகிவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் படகும் இல்லை. பிறகு எப்படி ஈரம்?

கடைசித் தடத்தில் வலது காலின் சுண்டுவிரல் இல்லை.

அவள் புருஷன் அந்தோணிசாமிக்கு அந்த விரல் கிடையாது. வளவனூரில் கரும்பு வெட்டப் போன இடத்தில் போனது. "கீறாரு, இங்கதான் கீறாரு," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு மறுபடி பெடலை மிதித்தாள்.

அவன் படகு இழுக்கப் போய்ப் பதினெட்டு நாளாகிறது. எட்டு நாளில் திரும்பியிருக்க வேண்டும். கூடப்போன எட்டுப் பேரின் பெண்சாதிகளும் மேஸ்திரி பாண்டுரங்கனிடம் போய்க் கேட்டுவிட்டு, அவன் சொன்னதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். லூர்துமேரி அப்படித் திரும்புகிற ஜாதி இல்லை. மிஷன்காரர்கள் கொடுத்த சைக்கிளில் ஊர் ஊராகப் போய் அம்மை ஊசி போடுகிறவள். ஊர்த்தெரு வந்தால் சேரிக்காரி இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பார்கள். அவள் இறங்கமாட்டாள், இன்னும் வேகமாக மிதிப்பாள். கல் பறந்திருக்கிறது. மண்டையில் ஒரு தழும்புகூட உண்டு. "அந்தத் திமிருக்காகத்தான்டி ஒன்னக் கட்டிக்கினேன்," என்பான் அந்தோணிசாமி, சங்கிலிக்கு எண்ணெய் போட்டபடியே.

இன்று விடிவதற்கு முன்னால் திண்டிவனத்தை விட்டுக் கிளம்பியவள், மரக்காணத்தில் மேஸ்திரியின் வீட்டு வாசலிலேயே போய் நின்றாள். "படகு பட்டணத்துல கீது. வருவானுங்க. நீ வூட்டப் பாத்துப் போ," என்றான் அவன். அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சைக்கிள் சக்கரத்தைப் பார்த்துப் பேசினான். அந்த ஒன்று போதாதா? அவள் ஹேண்டில்பாரைக் கால்வாய்ப் பக்கம் திருப்பினாள்.

வளைவுக்கு முன்னால் ஒரு பனைமரம். அதன் நிழலில் நண்டுக் கூடையோடு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். கால்வாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரே இல்லாத இடத்தில் சுவரைப் பார்ப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மே, எறங்கு," என்றாள் திரும்பாமலே. "எறங்கி என்னாட்டம் இந்தப் பக்கமா ஒக்காரு. அது போற நேரம்."

"எது போற நேரம்?"

"கயிறு."

கிழவியின் பெயர் சவுரியம்மாள். நடந்ததைச் சொல்ல அவளுக்கு மனமில்லை. ஆனால் பதினெட்டு நாளாக யாரும் கேட்காததால் தொண்டையில் நின்றிருந்தது. "அடிப்பலக உளுத்துப்போன படகும்மா அது. பாரம் ஏத்தாதீங்கன்னு ஆளுங்க தலபாடா அடிச்சிக்கினாங்க. மேஸ்திரி கேக்கல. இதோ இந்த வளைவுல முழுவிச்சி. பட்டையக் கயட்டறதுக்குள்ள ஒம்போது பேரையும் உள்ள இசுத்துக்கினு போயிடுச்சி. மேஸ்திரி வந்து பாத்தான். வாயத் தொறந்தா உப்பளத்துல எவளுக்கும் வேல இல்லன்னான். நானும் தொறக்கல. பாவி நானு."

லூர்துமேரிக்குக் காது அடைத்தது. வெயில், பனை, கூடைக்குள் நண்டுகள் கீறும் சத்தம், எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்த் திரும்பி வந்தன. அழுகை வயிற்றிலிருந்து கிளம்பியது. அதை அங்கேயே மிதித்து வைத்தாள்.

"அப்போ இந்தத் தடம்?"

"அவங்கதான். தெனம் உச்சிக்கு இசுத்துக்கினு போறாங்க. படகு அடியில போவுது. நாங்க யாரும் திரும்பிப் பாக்கறதில்ல."

"செத்தப்புறமுமா அவரு உப்பு இசுக்கணும்?" லூர்துமேரியின் குரல் உயர்ந்தது. "அதுக்கா என்னக் கட்டிக் குடுத்தாங்க? படுக்க ஆறடி மண்ணு குடுக்கமாட்டானா அந்த மேஸ்திரி? நான் இட்டுக்கினு போறேன்க்கா."

"அடியே! மாத்தாள் தோள் குடுக்காம பட்ட கயலாது. ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். அந்தோணிசாமி எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். ஒரு கயிற்றுக்கு ஒன்பது பட்டை, ஒன்றுகூடக் காலியாகப் போகக் கூடாது. களைத்தவன் பக்கத்தில் மாற்றாள் வந்து, கூடவே நடந்து, தோளைப் பட்டைக்குள் கொடுத்த பிறகுதான் அவன் தலையை உருவிக்கொள்ள வேண்டும். இழுக்கிறவர்களின் சட்டம் அது.

"அப்ப நான்தான் மாத்தாள்," என்று சொல்லிவிட்டு அவள் ஏறி மிதித்தாள்.

வளைவைத் தாண்டியதும் காற்று நின்றது. தாழம்புதர்களில் இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த பூச்சிகள் வாயை மூடிக்கொண்டன. அவளுடைய சங்கிலியின் கிறீச்சும், தண்ணீரும் சேறும் அழுகிய கயிறும் கலந்த ஒரு வாடையும், பல்லிடுக்கில் எப்படியோ வந்து சேர்ந்த உப்பும்தான் மிச்சம். கால்வாய்த் தண்ணீர் பச்சையாக அசையாமல் கிடந்தது. நடுவில் மட்டும் ஓரிடத்தில் அது முதுகு தூக்கி, மெதுவாக, மிக மெதுவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அந்த மேட்டுக்குள்ளிருந்து ஒரு கயிறு விறைப்பாக வெளியே வந்து கரைமேல் ஏறியது. சொட்டச் சொட்ட.

கயிற்றின் மறுமுனையில் முதுகுகள்.

ஒன்பது முதுகுகள். குனிந்தவை. வெயிலில் உப்பு வெள்ளையாகப் பூத்தவை. காலடிச் சத்தம் இல்லை. மூச்சுச் சத்தம் இல்லை. கயிறு மட்டும் முனகியது.

பயந்தாளா? பயந்தாள். போய்விடு, இப்போதே திரும்பிப் போய்விடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. கடைசி முதுகின் கழுத்தடியில் அவள் கையால் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு, மாதா உருவம் பொறித்த பதக்கத்தோடு. அதைப் பார்த்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தபின் பயத்துக்கு உட்கார இடமில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவன் பக்கத்தில் நடந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. "யோவ், மாத்தாள் வந்துட்டேன். தலைய உருவு," என்று சொல்லிப் பட்டைக்குள் தோளைக் கொடுத்தாள்.

குளிர். எலும்புக்குள் இறங்கிய குளிர். பிறகு பாரம்.

அவன் தலையை உருவிக்கொண்டான். அவள் பட்டையை மார்போடு இறுக்கிச் சைக்கிளைத் தெற்கே திருப்பி ஏறி உட்கார்ந்தாள். பின்னால் கேரியர் தாழ்ந்தது. டயர் நசுங்கியது. ஒரு கை அவள் இடுப்பைச் சுற்றியது.

மிதித்தாள். நகரவில்லை. எட்டு முதுகுகள் வடக்கே இழுத்தன. அவள் தெற்கே இழுத்தாள். பட்டை விலாவை அறுத்தது. சைக்கிள் அங்குலம் அங்குலமாகப் பின்னுக்குப் போனது.

"இன்னாய்யா இசுக்கறீங்க?" அவள் கத்தினாள். "யாருக்கு இசுக்கறீங்க? ஒங்களக் கொன்னவன் வூடு இந்தப் பக்கம் கீது! திரும்புங்கய்யா!"

எட்டுப் பேரும் நின்றார்கள்.

கால்வாயில் அலை அடங்கியது. எதுவும் அசையவில்லை.

பிறகு, ஒருவர் பின் ஒருவராக, குனிந்த தலை நிமிராமலே, அவர்கள் திரும்பினார்கள். தண்ணீருக்கு அடியில் பலகைகள் முறியும் ஓசையோடு அந்தப் பெரிய பாரமும் திரும்பியது.

மரக்காணத்துக்கு ஐந்து மைல். அவள் எண்ணியது மிதியை மட்டும்தான். பின்னால் பார்க்கவில்லை. பனைமரத்தடியில் சவுரியம்மாள் எழுந்து நின்றிருந்தாள். இந்த முறை கால்வாயைப் பார்த்து நின்றாள். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு நின்றாள். லூர்துமேரி தலையசைத்துவிட்டுப் போனாள். வெயில் சாய்ந்தது. பாரம் குறையவில்லை. கால்கள் மரத்துப்போயின. இடுப்பிலிருந்த கை அப்படியே இருந்தது.

பொழுது சாயும் நேரத்துக்கு உப்புக் கிடங்குகள் வந்தன. தெருவில் ஒருவர் விடாமல் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கால்வாயை ஒட்டிய கடைசி வீடு மேஸ்திரியுடையது. அவள் வாசலில் காலை ஊன்றினாள். பின்னால் எட்டுப் பேரும் நின்றார்கள்.

"மேஸ்திரி! வெளிய வா!"

"எவடி அவ, வௌக்கு வெக்கற நேரத்துல?" அரிக்கேன் விளக்கோடு பாண்டுரங்கன் படி இறங்கினான். முதலில் அவளைப் பார்த்தான். பிறகு அவள் மார்பிலிருந்த பட்டையை. பிறகு கயிறு போன வழியைப் பார்த்தான்.

விளக்கோடு மறுபடி படியேறப் பார்த்தான்.

"வேணாம்மா. தோ பாரு, என்ன வேணும் ஒனக்கு? எதுவானாலும் ஜல்தியா சொல்லு..."

"எனக்கு ஒண்ணும் வேணாம். மாத்தாள் வேணுமாம். அவங்க கேக்கறாங்க."

குனிந்தே வந்த எட்டுத் தலைகளும் அப்போதுதான் நிமிர்ந்தன.

லூர்துமேரி அந்த முகங்களைப் பார்க்கவில்லை. மேஸ்திரி பார்த்தான். "மாட்டேன், மாட்டேன்" என்று தலை ஆட, அவன் கால்கள் ஒவ்வோர் அடியாக முன்னால் வந்தன. கன்னத்தில் கண்ணீர் ஓட, அவனுடைய கைகளே அவள் மார்பிலிருந்த பட்டையைத் தூக்கி விரித்தன. அவனுடைய தோள் உள்ளே நுழைந்தது. அவள் தலையை உருவிக்கொண்டாள்.

விளக்கு விழுந்து உடைந்தது. கயிறு விறைத்தது. ஒன்பது முதுகுகள் குனிந்தன. இருட்டில் வடக்கே போனார்கள். ஒருவன் மட்டும் அழுதுகொண்டே போனான். அந்த அழுகை வெகுநேரம் கேட்டது.

பாரம் போய்விட்டது. அவளுக்கு மூச்சு வந்தது.

"முடிஞ்சிச்சிய்யா. எறங்கறியா? செத்த நேரம் காலாற நிக்கறியா?"

இடுப்பிலிருந்த கை தளரவில்லை. இன்னும் இறுகியது.

"செரி. எறங்க வேணாம். வூட்டுக்கே போயிடலாம்."

அவள் திண்டிவனம் சாலையில் திரும்பினாள். இருபத்திரண்டு மைல். புளியமரங்களுக்கு அடியில் இருட்டு கனத்தது. முதுகில் அவன் முகம் சாய்ந்தது. சில்லென்றிருந்தது. அவள் மிதித்தாள். அவன் வாய் அவள் முதுகோடு ஒட்டித் திறந்தது. அதிலிருந்து கால்வாய்த் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. ரவிக்கையை நனைத்து, கேரியரை நனைத்து, சாலையில் வழிந்தது. பிரம்மதேசம் தாண்டிய பிறகும் நிற்கவில்லை. அவளும் நிற்கவில்லை.