ஒரு தட்டும் ஒரு கீறலும்

பனி கொட்டிய ஒரு பிப்ரவரி முற்பகலில், கரகண்டாவுக்கு வடக்கே இருந்த பழைய சுரங்கக் குடியிருப்பின் கடைசி வீட்டு வாசலில் ஆயர் விக்டர் ஹெய்ட் வந்து இறங்கினார். அமாலியா குனிந்து அவர் மோதிரத்தை முத்தமிட்டாள். ஒரு காலத்தில் பக்கத்து வீட்டுப் பையன். அவள் கையால் எத்தனையோ நாள் சூப் வாங்கிக் குடித்தவர். இப்போது ஆண்டகை.

"பூட்ஸ்ல இருக்கிற பனியை உதறிட்டு வாங்க ஆண்டகை. இப்பத்தான் தரையைத் துடைச்சேன்."

"நீங்க மாறவே இல்லக்கா."

வீடு சில்லென்றிருந்தது. சுவரோரம் ஓடிய தடித்த இரும்புக் குழாயில் வெந்நீர் வந்து ஆறு வருடமாயிற்று. கோயிலைத் தடைசெய்திருந்த கம்யூனிஸ்ட் ஆட்சி போனதும் கொதிகலன் அறையை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். அங்கிருந்து வந்த குழாயை யாரோ வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். வரிசை வீடுகளின் சுவரோடு ஒட்டியிருந்த துண்டுதான் மிச்சம்.

அந்தக் குழாய்தான் ஒரு காலத்தில் அவர்களுக்குக் கோயில் மணி. கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட்ட கிழவர் காசிமிர் ரகசியமாக அபிஷேகம் பெற்ற ஆயர் என்பது பன்னிரண்டு பேருக்குத்தான் தெரியும். பூசை வைக்க வரலாமா என்று அவர் குழாயில் மூன்று முறை தட்டுவார். தெருவைப் பார்த்த வீடு அமாலியாவுடையது. பூசையும் அங்கேதான், காவலும் அவள்தான். ஒரு தட்டு என்றால் வாருங்கள், இரண்டு என்றால் வராதீர்கள்.

முப்பது வருடத்துக்கு முன், இதே நாளில், தெருமுனையில் போலீஸ் ஜீப் நிற்பதைப் பார்த்து அவள் குழாயிடம் ஓடினாள். கை எட்டுவதற்குள் பதில் போய்விட்டது. ஒரே ஒரு தட்டு, அதன் வாலாக ஒரு சின்னக் கீறல். எந்த வீட்டிலிருந்து என்று தெரியாது. கிழவர் நம்பி வந்து பிடிபட்டார். கைதி முகாமில் இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

பதில் தட்டுவது அமாலியாதானே? பழி அவள் தலையில் விழுந்தது. நிச்சயம் செய்தவன் விலகிப்போனான். பூசையில் அவள் வந்து உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள்.

தேநீரை உறிஞ்சியபடி ஆயர் மெல்லச் சொன்னார். "இன்னிக்கு காசிமிர் சாமியோட நினைவுப் பூசையில பேசப்போறேன்க்கா. உங்களை எல்லாரும் மன்னிச்சிடணும்னு."

அமாலியா தேநீர்க் கெண்டியை மேசையில் இறக்கினாள். "நான் தட்டல ஆண்டகை."

"முப்பது வருஷமா இதையேதான் சொல்றீங்க. போதும்க்கா. சுமையை இறக்கி வைங்க."

நண்பகலில் அந்தப் பன்னிரண்டு பேரில் மிஞ்சியிருந்த மற்ற எட்டுப் பேரும், எல்லாம் கிழடுகள், வந்து சேர்ந்தார்கள். வெளியே பனிப்புயல் சன்னலை அறைந்தது. குழாய்ச் சுவரோரம் மேசைதான் பீடம். ஆயர் குரல் கனிந்து பேசினார்.

"அன்று தட்டிய கையை இன்று நாம் மன்னிப்போம்."

எல்லாத் தலையும் அமாலியா பக்கம் திரும்பியது. அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டங். டங். டங்.

சத்தம் குழாயின் வெட்டுப்பட்ட முனையிலிருந்து, கொதிகலன் அறைப் பக்கமிருந்து வந்தது.

கண் தெரியாத கிளாரா கிசுகிசுத்தாள். "சாமி தட்டுறாரு."

டங். டங். டங்.

ஆயரின் வலது கை தானாக எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்து இழுத்தார். நிற்கவில்லை. விரலிலிருந்த மோதிரம் குழாயில் போய் மோதியது.

டங்.

வாலாக ஒரு கீறல்.

"இதேதான்!" என்றாள் கிளாரா. "அன்னிக்கும் இதே சத்தம்தான். யாரு தட்டுனது? அமாலியாவா?"

"இல்ல," என்றார் பக்கத்திலிருந்தவர். "ஆண்டகை."

ஆயர் அமாலியா பக்கம் திரும்பினார். "போலீஸ்ல அடிச்சாங்கக்கா. ரீகா நகரத்துக் குருமடத்துக்குப் படிக்கப் போக விடுறோம்னாங்க. ஒரு தட்டுத் தட்டினாப் போதும்னாங்க. சாவியால தட்டினேன், இதே மாதிரி வழுக்கிக் கீறிடுச்சு."

ஒரு தட்டு. அதில் அவர் குருவானார், பங்குச் சாமியானார், ஆயரானார்.

"டேய் விக்டர்," என்றாள் அமாலியா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "தட்டுனதைக்கூட விடுடா. இரண்டு தட்டு தட்டப் பிந்திட்டேன்னு வருஷா வருஷம் உன்கிட்டதானேடா பாவசங்கீர்த்தனம் பண்ணேன்? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, அழுத எனக்கு அபராதச் செபம் கொடுத்தியே!"

அவர் வாய் திறப்பதற்குள் கரிப்புகை நாற்றம் அறையை நிறைத்தது.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஒரு தட்டு என்றால், வாருங்கள்.

வெளியே பனி நொறுங்கியது. ஒரு காலடி. இன்னொன்று. கதவுக் கொக்கி தானாக மேலே ஏறியது.

வாசலில் யாரும் இல்லை.

துடைத்த தரையில் கரி படிந்த ஈரத் தடம் ஒன்று விழுந்தது. அடுத்தது. அடுத்தது. பீடம் வரை வந்து ஆயரின் முன்னால் நின்றது. அவர் தன்னைவிட உயரமான எதையோ அண்ணாந்து பார்த்து முழந்தாளிட்டார். மெழுகுவர்த்தி அணைந்தது.

அவரைக் காரில் தூக்கித்தான் ஏற்றினார்கள். வாயில் ஒரு சொல் வரவில்லை. மோதிர விரல் மட்டும் கார்க் கண்ணாடியில் தட்டி, கீறி, தட்டி, கீறிக்கொண்டே போனது. கிளாரா தடவித் தடவி அமாலியாவின் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, வெகுநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போனபின் அமாலியா துணியை நனைத்துத் தரையில் மண்டியிட்டாள். வாசலிலிருந்து பீடத்துக்குக் கரித் தடங்கள் இருந்தன. பீடத்திலிருந்து அடுப்போர நாற்காலிக்கும் இருந்தன. அது கிழவர் பூசை முடிந்து சூப்புக்குக் காத்திருக்கும் நாற்காலி.

வெளியே போன கரித் தடம் ஒன்றுகூட இல்லை.

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு, எழுந்திருக்கக் குழாயைப் பிடித்தாள். சுட்டது.